நடுப்பனையில் தீர்ந்த கொலை வழக்கு

தாழைநாடு தழைக்க! ஏரிகள் கரைதொட, களங்கள் நெல்லால் நிறைய, செங்கோல் வழுவாது ஆளும் பேரரசி கோதைவேண்மாளின் திருவாணையால், தலைநகர் அறக்களத் தலைவர் நன்னாகனார் கருங்குளக் கூற்றத்து அவையத்தார் ஐவருக்கும் விடுக்கும் ஓலை. அவையத்தாரும் அவர்தம் இல்லத்தாரும் கன்றுகாலிகளும் நலமாகுக. நன்னாகனாரும் நலமே, முழங்காற் சிராய்ப்புத்தான் இன்னும் எரிகிறது.

பழம்பகை கொண்ட எயினன், கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு பனைமேல் ஏறி, உச்சியில் கள்ளிறக்கும் தொழில் செய்துகொண்டிருந்த பூதனின் கணுக்காலைப் பற்றி இழுத்தான். மும்முறை எச்சரித்துக் கூவிய பூதன், இடையில் அரிவாள் இருந்தும் அதைத் தொடாது, பாளை நசுக்கும் கட்டையால் ஒரே அடி அடித்தான். எயினன் விழுந்து மாண்டான். கத்தி வாயிலிருந்ததேயன்றிக் கையில் இல்லை என்றும், மேலே இருந்தவனே வலியவன் என்றும், பூதன் அடிக்காமல் விலகிப் போயிருக்கலாம் என்றும் கண்ட அவையத்தார், இது தற்காப்பன்று, கொலையே எனத் தீர்த்து, வரும் உத்தரத்தன்று அவன் உயிரைப் போக்க நாள் குறித்தனர்.

மறைப்பானேன், நன்னாகனாருக்கும் அத்தீர்ப்பு மிக நேர்த்தியாகவே பட்டது. மேல்முறையீட்டைத் தள்ளிவிட எழுத்தாணியை எடுத்தேவிட்டார். அப்போது பூதன் மனைவி நச்சி, கால்களைப் பிணைத்து மரமேற உதவும் தன் கணவனின் தளைநாரை அவர் முன் வைத்து, ஐயா அரண்மனைத் தோட்டத்துப் பனையில் ஒரேயொரு தரம் ஏறிப் பார்க்கவேண்டும் என்றும், அதன்பின் தான் வாய் திறப்பதில்லை என்றும் விண்ணப்பித்தாள். அறக்களத்தில் வீற்றிருந்த அரசியார் புன்முறுவலுடன் இசைந்தருளினார். நன்னாகனாருக்கோ வேறு வழியில்லை.

ஏணி வைத்தும், இருவர் தாங்கியும், அறக்களத் தலைவரின் திருமேனி நாலாள் உயரம் சென்றது. கண்டதை அவ்வப்போது குறித்துக்கொள்ள எண்ணிய அவருக்குக் கைகளிரண்டும் மரத்தை விட மறுத்தன. எழுத்தாணி பல்லுக்குப் போயிற்று. மரமேறுகிறவன் கத்தியை வேறெங்கே வைப்பான் என்பது அங்கேதான் அவருக்கு விளங்கியது. விலகிப் போகும் வழி யாதென்று அரசியார் கீழிருந்து வினவ, முதலில் இறங்கும் வழியை யாரேனும் சொல்லட்டும் என்று அவர் பற்களுக்கிடையே அலறியதாகத் தோட்டக்காரர் கூறுவர். அதை அவர் மறுக்கவில்லை.

அவ்வேளையில் நச்சி சொற்படி காவலன் ஒருவன் ஏணியில் ஏறி, அறுகம்புல்லால் அவர் குதிகாலைத் தடவினான். நன்னாகனார் விட்ட உதையில் அவன் தலைப்பாகை குளத்தில் விழுந்தது. அரசியார் வயிறு குலுங்கச் சிரித்தார். புல்லுக்கே உயிர் பதறி உதைத்தவர், கத்தியோடு வந்தவனைப் பொறுத்திரு என்று இன்னொருவனுக்கு எந்த வாயால் உரைப்பார்? அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆகவே தீர்ப்பாவது: மரத்தின் உச்சியில் இருந்தவன் வலியவன் அல்லன், போக்கிடமற்றவன். அரிவாளை விட்டுக் கட்டையை எடுத்தவன் அளவு மீறியவனும் அல்லன். பூதன் குற்றமற்றவன். மகனை இழந்த எயினன் தாயின் துயரம் பெரிது. அவையத்தார் அவள் இல்லம் சென்று, இத்தீர்ப்பின் காரணத்தைப் பொறுமையாக உரைப்பாராக. இனி எந்தப் பனையேறியின் வழக்கையும் தீர்க்குமுன் ஐவரும் ஒருமுறை பனையேறக் கடவர். மூப்பைக் காட்டி விலக்குக் கேட்டு ஓலை விடுத்தல் வேண்டா. நன்னாகனாருக்கு அகவை அறுபத்திரண்டு.

இவ்வோலையைக் கொண்டுவருபவள் நச்சியே. வாயிலில் அவளை நிறுத்தாது உள்ளே விடுக. முதலில் பூதனின் விலங்கை ஒடித்துப் பின்னர் இதை அவையில் வாசிக்க. தாழைமடல் முத்திரை இட்டோம். உயிர் போக்கக் குறித்த அதே உத்தரத்து நாளில், பூதன் தன் வீட்டில் அமர்ந்து நச்சி கையால் வயிறார உண்ணக் கடவன். இது பேரரசியின் ஆணை.