மீன் தொட்டிக்குப் பின்னால்

மார்ச் 3

இன்றும் படம் உறைந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு பக்கம், காது கேளாத ஒரு தாய் மறுபக்கம், நடுவில் திரையில் நான். டாக்டர் பேசுவதைச் சைகையில் சொல்வதும், அந்த அம்மா சைகையில் கேட்பதை வாய்விட்டுச் சொல்வதும் என் வேலை. "இந்த மாத்திரையை நிறுத்தவே கூடாது" என்று சொல்லி முடிப்பதற்குள் என் கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டன. அந்த அம்மா என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாளோ?

மேலதிகாரி கூப்பிட்டார். "உங்க வேலையில குறையே இல்லைங்க. நெட்தான். இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணலைன்னா வேற ஆள் பார்க்க வேண்டியதுதான்."

இது போனால் அண்ணன் தயவில் சாப்பிட வேண்டும். மாட்டேன்.

மார்ச் 5

வைஃபை ரவுட்டர் ஹாலில், அண்ணனின் ஆளுயர மீன் தொட்டிக்குப் பின்னால் தரையில் கிடக்கிறது. நான் சமையலறைக்கும் அப்பால், பின் அறையில். கணவனை விட்டு வந்த அன்று, "இப்போதைக்கு இங்க இரு" என்று காட்டிய அறை. வாசல் பக்கத்து அறை விருந்தாளிக்கென்று பூட்டியே கிடக்கிறது. நான் விருந்தாளியும் இல்லை, வீட்டு ஆளும் இல்லை போலிருக்கிறது.

சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் ஒன்று வாங்கி என் மேசைக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். போனில் சிக்னல் கோடுகள் முழுசாக நின்றன. குதித்தேன். முதல் அழைப்பிலேயே மறுபடி உறைந்தது.

மார்ச் 7

முட்டாள். முட்டாள். டாக்டர் பேசுவது என் காதில் விழாவிட்டால் நான் எதைச் சைகை செய்வேன்? பூஸ்டரும் அப்படித்தானே! தனக்கு வந்து சேருவதைத்தான் திருப்பிச் சொல்லும். சிக்னல் எட்டாத அறையில் அதை மாட்டினால் அது எதைச் சொல்லும்? அந்தக் கோடுகள் எனக்கும் பூஸ்டருக்கும் உள்ள நெருக்கத்தை மட்டும்தான் காட்டின.

பாதி வழியில், சமையலறை வாசலில் மாட்டினேன். கொஞ்சம் தேவலை. போதாது. போனும் கையுமாக வீடு முழுக்க நடந்தேன். தொட்டியைத் தாண்டியதுமே கோடுகள் சரிகின்றன. அவ்வளவு தண்ணீரும் சிக்னலைக் குடித்துவிடுகிறது.

"ரவுட்டரை உயரமா, அலமாரி மேல வைக்கலாமாண்ணே?"

"வயர் சுவர்ல தொங்கும். உன் ஒருத்திக்காக வீட்டையே மாத்தணுமா?"

என் ஒருத்திக்காக. சரி. பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 10

மேசையைத் தூக்கி ஹாலுக்கே கொண்டுவந்துவிட்டேன். தொட்டிக்குப் பக்கத்தில். டாக்டரும் நோயாளியும் பேசிக்கொள்வது வேறு யார் காதிலும் விழக் கூடாது. அது எங்கள் வேலையின் சட்டம்.

"டிவியை அணைச்சிட்டு உள்ள போங்கண்ணே."

"என் வீட்டு ஹால்ல இருந்து என்னையே போகச் சொல்றியா?"

"ஆமா. பின் ரூம் காலியாத்தான் இருக்கு."

டிவியை அணைத்துவிட்டு எழுந்து போனார். நான் சைகை செய்ய ஆரம்பித்தேன்.

மார்ச் 12

ஒரு தடவைகூட உறையவில்லை. அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

மார்ச் 14

அண்ணன் பின் அறையில், என் கட்டிலில் உட்கார்ந்து போனில் மேட்ச் பார்த்திருக்கிறார். கடைசி ஓவரில் பந்து வீச ஓடி வந்தவன் அப்படியே நின்றுவிட்டானாம். வெளியே வந்து என்னையே பார்த்தார்.

"இதுலயா இத்தனை நாளா வேலை பார்த்தே?"

அவர் முன்னால் அழுவேனா என்ன? "இதைத்தானேண்ணே சொன்னேன்" என்றேன்.

மார்ச் 16

சாப்பிடும்போது அண்ணன் அண்ணியிடம் மெதுவாக ஆரம்பித்தார். "தொட்டியை வேற எங்கயாவது நகர்த்திடறேன். அவ பின் ரூமுக்கே போகட்டும், எனக்கு ஹால் வேணும்."

அண்ணி தட்டிலிருந்து நிமிராமலே சொன்னார். "தொட்டியைப் பின் ரூம்ல வைங்க. அவ அந்தப் பூட்டிக் கிடக்கிற முன் ரூம்ல இருக்கட்டும். மீனுக்கு எதுக்குங்க சிக்னல்?"

நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

மார்ச் 21

முன் அறை. ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கிறது. தொட்டி பின் அறைக்குப் போய்விட்டது. ரவுட்டர் அலமாரி உச்சியில், வயர் சுவரில் தொங்க, ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. இன்று அந்தத் தாய் மறுபடி வந்தாள். மாத்திரையை நிறுத்தவில்லையாம். நல்லவேளை. இந்த முறை கடைசிவரை சொல்லி முடித்தேன்.

அழைப்பு முடிந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். இந்த வீட்டில் என் கதவை யாரும் தட்டியதில்லை. நேரே திறந்துகொண்டு வருவதுதான் வழக்கம்.

"வரலாமாம்மா?" அண்ணன்.

"பத்து நிமிஷம் ஆகும்ணே."

ஆகாது. வேலை முடிந்துவிட்டது. இருந்தாலும் சொன்னேன். அவர் வெளியே காத்திருந்தார்.