மேட்டில் நிறுத்தி எடுப்பது

லாமி
14-12-1987

அன்புள்ள மச்சான் நடராஜனுக்கு,

முதலில் மானம் போன சேதி. நீ விட்டுப்போன டாட்சன் காரை சுஷீலா வீட்டில் துணி உலர்த்தும் கம்பத்தில் மோதிவிட்டேன். முன்னால் போகலாம் என்றுதான் கியரைப் போட்டேன். வண்டிக்கு வேறு யோசனை இருந்திருக்கிறது. பின்னாலேயே போய், அவள் காயப்போட்டிருந்ததை எல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு நின்றது. துறைமுக ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன், ஐம்பத்து மூன்று வயதில், அடுத்த வீட்டுக்காரியின் உள்பாவாடை பின்கண்ணாடியை மூடியிருக்க, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உன் அக்கா வாசலில் நின்று, "இறங்கிடாதீங்க. இருட்டுற வரைக்கும் அப்டியே உக்காந்திருங்க" என்றாள். சுஷீலா கத்தவே இல்லை. கனடா விசா வந்துவிட்டதாம். போகிறவர்களுக்கு எல்லாவற்றையும் மன்னிக்க முடிகிறது.

இந்த வயதில் எனக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்பாய். ஆசை இல்லை மச்சான். நீ விமானம் ஏறின பிறகு நம் தீவில் பட்டாளம் இரண்டாம் முறையும் ஆட்சியைப் பிடித்ததும், ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் போட்டதும் உனக்குத் தெரியும். அன்றைக்குப் பஸ் கிடையாது, டாக்சி கிடையாது. உன் அக்காவின் மூச்சு மட்டும் காலண்டர் பார்க்கவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இழுக்க ஆரம்பித்துவிட்டது. உதடு நீலம். உன் வண்டி வாசலில் நிற்கிறது, சாவி என் பையில் இருக்கிறது, நான் கோயிலைச் சுற்றுகிற மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். கடைசியில் பக்கத்துத் தெரு சாக்கியுசா, சர்ச்சில் பாட்டு நடுவில் இருந்தவன், வெள்ளைச் சட்டையோடு ஓடிவந்து, தன் மீன்பிடி போட்டில் அவளை ஏற்றி சுவா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அதற்காக அவனைச் சர்ச்சில் எழுப்பி நிற்கவைத்துக் கேட்டார்களாம். இனி அவனைக் கூப்பிட எனக்கு வாய் வராது. அவனுக்கும் போட்தான் ஓட்டத் தெரியும், கார் தெரியாது.

இருதயம் வீங்கியிருக்கிறது என்கிறார் டாக்டர். அடுத்த தடவை அலுங்காமல் கொண்டுவா என்கிறார். அலுங்காமல்! என்னிடம்!

கிளச் என்பது என்ன மச்சான்? மிதித்தால் ஒன்றும் ஆவதில்லை, காலை எடுத்தால் எல்லாம் ஆகிறது. விவரமாக எழுது. தமிழிலேயே எழுது. நாம் சங்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிரம்படி பட்டுப் படித்ததற்கு இப்போதுதான் பலன்: உறையைப் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கும் புரியாது, உன் அக்காவுக்கும் படிக்கத் தெரியாது. எனக்கு வேண்டிய மாதிரி படித்துக் காட்டிக்கொள்வேன்.

உன் மாமா,
ஏழுமலை


ஆக்லாந்து
3-1-1988

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை பஸ் டிப்போவில் வைத்துப் படித்துச் சிரித்தேன். சூப்பர்வைசர் முறைத்தான். இருபது வருஷம் டாக்சி ஓட்டினவன், இங்கே பஸ்ஸுக்கு முதுகு தேய்த்து விடுகிறேன்.

கிளச்சைக் காலால் பிடிக்கிறதில்லை மாமா, காதால் பிடிக்கிறது. காலை மெல்ல மெல்ல விடும்போது ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் இறங்கும், வண்டி லேசாக மூக்கைத் தூக்கும். அங்கேயே காலை வைத்திருங்கள். அவசரப்பட்டு விட்டால் உதைக்கும். மேட்டில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொள்ளுங்கள். சத்தம் இறங்கி மூக்குத் தூக்கின பிறகுதான் அதை விடணும். கியரை உள்ளங்கையால் தள்ளுங்கள், முஷ்டியால் குத்தாதீர்கள். குனிந்து பார்க்காதீர்கள், அது எங்கேயும் ஓடிப்போகாது.

இன்னொன்று, கோபிக்கக் கூடாது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான். மற்ற ஆறு நாளும் சந்தி டாக்சி ஸ்டாண்டில் நரேந்திரா இருக்கிறான், சொல்லி வைத்திருக்கிறேன். கை காட்டினால் போதும், வந்துவிடுவான். ரோட்டில் காவல் நிற்கிற பட்டாளத்துக்காரர்களுக்கு அவனைத் தெரியும், நிறுத்தாமலே விட்டுவிடுவார்கள்.

உங்கள் இருவருக்கும் இங்கே வந்து குடியேற விசா பேப்பர் போட்டிருக்கிறேன். அக்காவிடம் சொல்லுங்கள்.

மைத்துனன்,
நடராஜன்


லாமி
15-2-1988

அன்புள்ள மச்சானுக்கு,

நீ சொன்னபடி காதைத் தீட்டிக்கொண்டு பழகுகிறேன். மூடிக் கிடக்கிற மரவாடி முற்றம்தான் பள்ளிக்கூடம். சாக்கியுசா பக்கத்தில் கொட்டாங்கச்சி நிறைய மயக்குகிற நங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துப் பிடித்துக்கொண்டு உட்காருவான். சிந்தாமல் மூன்றாம் கியருக்குப் போனால் அவன் குடிப்பான், சிந்தினால் நான் துடைக்கணும். முதல் வாரம் பாவம், ஒரு வாய் கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. உன் முன்சீட்டு இப்போது கள்ளுக்கடை மாதிரி நாறுகிறது. லைசென்ஸ் வாங்கப் போனால், சோதித்துக் கொடுக்கிறவர் ஆஸ்திரேலியா போய்விட்டாராம். வருகிற வரைக்கும் தற்காலிகச் சீட்டு ஒன்று கொடுத்தார்கள். யார் வருகிற வரைக்கும் என்று கேட்கவில்லை.

உன் அக்கா பின்சீட்டில் நீதிபதி. ஒவ்வொரு உதைக்கும் ஒரு தீர்ப்பு. "கியரு போடுறீங்களா, உரல்ல குத்துறீங்களா?" "என்னைக் கரும்பு லாரியில ஏத்தி அனுப்பிச்சிருக்கலாம்." நன்றாகப் போட்டால் மட்டும் வாயே திறக்க மாட்டாள். அதுதான் அவள் கொடுக்கிற மெடல். சனிக்கிழமை இரண்டு மெடல் வாங்கினேன்.

நேற்று ஞாயிறு. மத்தியானம் அவளுக்கு இழுத்தது. ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சுவா மேட்டில் ரோட்டுக் காவல். பாதி மேட்டில் நிறுத்திப் பார்த்துவிட்டு, போ என்றார்கள். இன்ஜின் சத்தம் கேட்கவில்லை மச்சான், என் இருதயச் சத்தம்தான் கேட்டது. வண்டி பின்னால் உருண்டு மணல் மூட்டையில் இடித்தது. ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் பானெட்டில் ஓங்கி அடித்தான். இறங்கச் சொன்னான். அவளையும். வண்டியைக் குடைந்து பார்த்து முடிகிற வரைக்கும் வெயிலில் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். அவள் மூச்சு விசிலடித்தது கேட்டுத்தான் விட்டார்கள். ஏறி எடுத்தால், மறுபடி மறுபடி அணைந்து போகிறது. அவர்கள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு அவள் சொன்னாள்: "அவங்க அடிச்சது கூட எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க சேந்து சிரிச்சீங்க பாருங்க."

அந்த மேட்டில் ஒருநாள் அவளை வைத்துக்கொண்டு அலுங்காமல் எடுத்துக் காட்டாவிட்டால், நான் மீசை வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

உன் மாமா,
ஏழுமலை


ஆக்லாந்து
1-3-1988

அன்புள்ள மாமாவுக்கு,

பேப்பர் வந்துவிட்டது. இருவருக்கும். ஏப்ரல் கடைசியில் டிக்கெட் எடுக்கிறேன். இங்கே ஆஸ்பத்திரியில் பேசி வைத்திருக்கிறேன், அக்காவுக்கு உடனே பார்ப்பார்கள்.

மேட்டுக்கு நீங்கள் எதையும் காட்ட வேண்டியதில்லை. துப்பாக்கி வைத்திருப்பவன் சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டியதுதான். நான் சிரித்ததை யாருக்கும் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நரேந்திராவுக்கு போன் போட்டேன். போன வாரம் வியாழக்கிழமை கூட நீங்களே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி போனதாகச் சொல்கிறான். "உன் மாமா ஹாரன் அடிச்சுட்டுப் போறாரு, ராஜா மாதிரி" என்கிறான். வேண்டாம் மாமா. இன்னும் எட்டு வாரம்தான். எனக்கு இருப்பது ஒரே அக்கா.

நடராஜன்


லாமி
28-3-1988

அன்புள்ள மச்சானுக்கு,

போனில் நீ "எப்படி மாமா?" என்று மட்டும்தான் கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அன்று காலையில் டீயைக் கையில் எடுத்தவள் குடிக்காமலே கீழே வைத்தாள். அப்போதே தெரிந்தது. பின்சீட்டில் தலையணை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்தேன். "மெல்ல போங்க" என்றாள். "இன்னைக்குப் பாரு" என்றேன். மெல்லத்தான் போனேன். மாட்டு வண்டி என்னை முந்தியிருக்கும். முதல் கியரிலிருந்து இரண்டுக்கு உள்ளங்கையால் தள்ளினேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் உனக்கே தெரிந்திருக்காது. சாக்கியுசாவின் கொட்டாங்கச்சி இருந்திருந்தால் ஒரு சொட்டுச் சிந்தியிருக்காது.

மேட்டில் வண்டி வரிசை நீளம். நிறுத்தி எடுத்து, நிறுத்தி எடுத்து ஏறினேன். ஹேண்ட் பிரேக்கை இழுப்பேன். சத்தம் இறங்கும், மூக்குத் தூக்கும், விடுவேன். ஒரு அங்குலம் பின்னால் போகவில்லை. பானெட்டில் அடித்தானே, அவனே நின்றான். குனிந்து பின்சீட்டைப் பார்த்து, தூங்குகிறாளா என்று இந்தியில் கேட்டான். ஆமாம் என்றேன். பெருமையாகச் சொன்னேன் மச்சான். மரியாதையாகக் கையை அசைத்துப் போகச் சொன்னான். நான் சிரிக்கவில்லை. சத்தமில்லாமல் எடுத்தேன்.

மேடு தாண்டினதும், "பாத்தியா கோவிந்தா?" என்று உன் அக்காவைக் கேட்டேன். பதில் இல்லை. மெடல் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மெடல் வாங்கிக்கொண்டே போனேன்.

உயிர் போய்ச் சற்று நேரம் ஆகியிருக்கும் என்றார்கள். எந்த இடத்தில் என்று கேட்டேன். அவர்களுக்கு எப்படித் தெரியும்? நிறுத்தி நிறுத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது என்று நினைக்கிறேன். அவ்வளவு நன்றாக ஓட்டினதால் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

வண்டிச் சாவியை சாக்கியுசாவிடம் கொடுத்துவிட்டேன். சாம்பலைக் கரைக்க அவன் போட்டில்தான் போனோம். பேப்பரில் என் பெயரை அடித்துவிடு. நீ கூப்பிட்டது உன் அக்காவை, நான் அவளுடைய சாமானோடு சாமானாக வருகிறவன்.

அன்று கிளம்பும்போது சந்தியில் நரேந்திரா டாக்சியில் சாய்ந்து நின்றான். என்னைப் பார்த்துக் கை காட்டினான். நானும் ஹாரன் அடித்து, கை காட்டிவிட்டுப் போனேன். அன்று சனிக்கிழமை.

ஏழுமலை