கோணைச்சொண்டன்

குருநகர்,
ஞாயிறு, பூசை முடிந்த பிறகு.

அன்புள்ள ஷெரோனின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். மாமிக்கு முழங்கால் நோ மட்டும் இன்னும் குறையவில்லை. அங்கே நீங்களும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இந்தியாவுக்குப் போகிற எங்கள் பங்குச் சுவாமியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் இருக்கிற சிறைக்கு வரும் கடிதங்களை முதலில் வேறு ஆட்கள் வாசிப்பார்களாம். வாசிக்கட்டும். மீன்பிடிக்கப் போன இடத்தில் இஞ்சின் பழுதாகிப் படகு இந்தியக் கரைக்கு இழுபட்டது உங்கள் பிழையில்லை என்பதை அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு மிருகக்காட்சிச்சாலையில் வேலைக்குப் போகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். பெரிய இடமில்லை. ஒரு தோட்டக்காணிக்குள் மட்டக்குதிரைகள், முயல்கள், கிளிகள், தீக்கோழி மாதிரி உயரமான ஈமுப் பறவைகள். அதில் ஒரு ஈமுவைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத வேண்டும்.

முட்டையிலிருந்து வரும்போதே அதற்குச் சொண்டு கோணல். மேற்சொண்டு ஒரு பக்கம், கீழ்ச்சொண்டு மறுபக்கம், திறந்து வைத்த கத்தரிக்கோலைப் போல. தரையில் கிடக்கிற ஒரு பருக்கையைக்கூடக் கொத்தி எடுக்க முடியாது. இந்த இனத்தில் தகப்பன்தான் அடைகாத்துக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியுமாம். மற்றக் குஞ்சுகள் தகப்பனோடு போய்விட, இது வேலியோரம் தனியே நின்று கத்தியது. முதலாளி சோமசேகரம் ஐயா, "உது தப்பாது பிள்ளை, விடு" என்றார். எனக்கு மனம் வரவில்லை. ஊறவைத்த தீனையும் பப்பாசிப்பழத்தையும் பிசைந்து உருண்டையாக்கி, நாக்குக்குப் பின்னால் வைத்துவிடப் பழகினேன். இப்போது என் தோளளவு வளர்ந்து நிற்கிறான். எல்லாரும் கோணைச்சொண்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் சிரித்துச் சிரித்துப் படம் எடுப்பார்கள். அவன் என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொள்வான்.

போன மாதம் நான் ஒரு நாள் தெல்லிப்பழைக்குப் போகவேண்டி வந்தது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன். என்னோடு வேலை செய்கிற சுபாஜினியிடம் தீன் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனேன். வேறு கையைக் கண்டதும் அவன் வெருண்டு ஓடிக் கம்பிவலையில் மோதியிருக்கிறான். அவள் எப்படியோ கழுத்தைப் பிடித்து ஊட்டியிருக்கிறாள். உருண்டை மூச்சுக்குழாயை அடைத்துவிட்டது. விரலை விட்டு அவள் தோண்டி எடுத்திராவிட்டால் அப்போதே முடிந்திருக்கும். நான் திரும்பி வந்தபோது மணலில் சரிந்து கிடந்தான். கழுத்தில் உயிரே இல்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. அவனுடைய மூச்சுச் சத்தம் நின்றுவிடுமோ என்று காதைக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். பிழைத்துவிட்டான். ஆனால் அன்றிலிருந்து காலையில் பஸ்ஸால் இறங்கி அந்தக் கேற்றைத் திறக்கும்போது முதலில் அவனுடைய சத்தம் கேட்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

ஐயா கெட்ட மனிதர் இல்லை. ஆனால், "நீ ஒரு நாள் வராட்டி உது பட்டினி கிடந்தெல்லோ சாகப்போகுது? அதைவிட டொக்டரைக் கூப்பிட்டு ஒரு ஊசியைப் போட்டுவிடுவம்" என்றார். "கொஞ்சம் பொறுங்கோ ஐயா, சுபாஜினியைப் பழக்கிவிடுறன்" என்று கெஞ்சினேன்.

என் பழைய சட்டையை அவளுக்குப் போட்டுவிட்டேன். அவள் கைக்குமேல் என் கையை வைத்து ஊட்டினேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக என் கையை எடுத்தேன். அவன் தலையைத் திருப்பி என்னைத் தேடுவான். நான் பார்க்காதது மாதிரி நிற்பேன். நேற்று நான் தீன் கொட்டிலுக்குப் பின்னால் மறைந்து நிற்க, அவன் சுபாஜினியின் கையால் வாங்கி விழுங்கினான். அவள் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். என் முகத்தைக் கண்டதும், "ஏனக்கா அழுறியள்? அவன் திண்டிட்டானெல்லோ!" என்றாள். "ஓம், திண்டிட்டான்" என்றேன்.

இனித் தெல்லிப்பழை விஷயம். கையைத் தூக்கினால் கமக்கட்டுக்குக் கீழே எனக்கு ஒரு கட்டி. நோ இல்லாதபடியால் கனநாள் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அன்றைக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் அதில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். வருகிற கிழமை வாட்டில் வந்து நிற்கட்டாம், வெட்டி எடுக்க வேண்டுமாம். பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார். நான் எழும்பி வாசல் வரைக்கும் வந்த பிறகு திரும்பக் கூப்பிட்டு அதையே சொன்னார். முதல் தரம் நம்பினேன். இரண்டாம் தரம் சொன்ன பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. மாமிக்கு இன்னும் சொல்லவில்லை. நீங்களும் அங்கே இருந்து பதறாதேங்கோ.

அந்த நாட்களில் ஷெரோன் மாமியோடு நிற்பாள். தானே தலை பின்ன, சோறு வடிக்க எல்லாம் பழக்கிக்கொண்டிருக்கிறேன். "ஏனம்மா எல்லாத்தையும் ஒரேயடியாப் பழக்குறியள்?" என்று கேட்கிறாள். வளர்ந்திட்டாய்தானே என்று சமாளித்தேன். அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை.

உங்களுக்கும் சிலது எழுதி வைக்கிறேன். அவள் மீனை முள் எடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவாள். இடி இடித்தால் பயம் என்று வாய் திறந்து சொல்லமாட்டாள், நாங்களாகத்தான் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கடலுக்குப் போகும்போது அவள் சின்னப்பிள்ளை, அதனால் முதலில் உங்களிடம் வரக் கூச்சப்படுவாள். முகத்தைத் திருப்பினால் கோபிக்காதேங்கோ. பேசாமல் பக்கத்தில் இருந்தால் போதும், மெல்ல மெல்ல வருவாள்.

அடுத்த தவணைக்கு நீதவானுக்கு முன்னால் நிற்கும்போது, வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள் என்று சொல்லுங்கோ. வேறொன்றும் சொல்ல வேண்டாம். மாதா உங்களைப் பத்திரமாக எங்கடை கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கெதியாய் வாங்கோ.

உங்களைப் பார்த்திருக்கும்,
மரியநாயகி