வக்கீல் பேசும் இடங்கள்

ஜூலை 1, செவ்வாய்
வேலை முடிந்து நேராக லிட்டில் இந்தியாவில் நாடக ஒத்திகை. வக்கீலாக நடிக்கும் சுந்தரேசன் அண்ணனுக்குச் சர்க்கரையால் பார்வை இன்னும் மங்கிவிட்டது. வசனத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தும் தெரியவில்லை. இயக்குநர் ரமீஸ் என்னைத் தனியாக அழைத்து, "வேற ஆள் பாக்கணும் லா, நிரஞ்சனா. ஷோ இந்த மாசக் கடைசி," என்றார். திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பவள் நான். நான் என்ன சொல்வது? "ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஜூலை 2
அண்ணனின் போன் எழுத்தை வாசித்துக் காட்டும். ஆனால் முழு நாடகத்தையும் கேட்டால்தான் அவர் வசனம் வரும். பஸ்ஸில் தோன்றியது – 'வக்கீல்' என்ற சொல்லிலிருந்து அடுத்த பாத்திரத்தின் பெயர் வரை உள்ளதை மட்டும் வெட்டியெடுக்க கணினியில் ஒரு சின்ன நிரல் எழுதினால்?

ஜூலை 3
சொதப்பல். "வக்கீல் எப்ப வருவாரு?" என்று நாடகத்தில் வரும் மகள் கேட்பதையும் சேர்த்து அள்ளிவிட்டது. வரியின் தொடக்கத்தில், முக்காற்புள்ளியோடு வரும் 'வக்கீல்' மட்டும் போதும் என்று மாற்றினேன். சுத்தமாக வந்தது! செங்காங்கில் அண்ணன் வீட்டுக்குப் போய் அவர் போனில் ஏற்றிவிட்டேன். அண்ணி ரோத்தி சுட்டுக் கொடுத்தார்.

ஜூலை 5, சனி
அண்ணன் போன் செய்தார். "எல்லாம் மனப்பாடம்மா. எப்பப் பேசறதுன்னுதான் தெரியல."
ஐயோ, என் புத்தி எங்கே போச்சு? அவருக்கு முன்னால் பேசுகிறவரின் வசனத்தை விட்டுவிட்டேனே! ஒவ்வொரு பகுதியும் அங்கிருந்தே தொடங்கும்படி திருத்தி அனுப்பினேன்.

ஜூலை 6
ஒத்திகையில் அண்ணன் ஒரே இடத்தில்தான் தடுமாறினார். ரமீஸ் உடைக்கு அளவெடுக்க அண்ணனைத்தான் முதலில் கூப்பிட்டார்.

ஜூலை 26, சனி
அரங்கம் நிறைந்துவிட்டது. கடைசிக் காட்சி. மகளாக நடித்த உமாமகேஸ்வரி பாதி வசனத்தில் அப்படியே நின்றுவிட்டாள். நான் பதறிப்போய்ப் பிரதியில் இடத்தைத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. அதற்குள் அண்ணன் குரல் நிதானமாகக் கேட்டது: "அது அப்பா கையெழுத்தே இல்லன்னு சொல்ல வர்றியாம்மா?"
அது அவளுடைய வசனம்; அவர் பேச வேண்டிய இடத்துக்கு முன்னால் வருவது என்று நான் சேர்த்துக் கொடுத்த வரி.
"ஆமா சார்," என்று பிடித்துக்கொண்டாள். சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை.
பிரதியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, மீதி நாடகத்தைப் பார்த்தேன்.