பஸ் இரைச்சலில் தேர்ந்தெடுத்த ரேடியோ

அண்ணி,

நேற்று அண்ணன் ஒரு பையை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். உள்ளே உங்கள் டிரான்சிஸ்டர். உறையின் பொத்தானைக் கழற்றியதும் பழைய தோலும் வேர்க்கடலைக் கொல்லை மண்ணும் கலந்த வாசனை வந்தது. நீங்கள் காலமாகி மூன்று மாதம் ஆகிறது. உங்களுக்கு எழுத வேண்டுமென்று எனக்கு நேற்றுதான் தோன்றியது.

வயதில் நீங்கள் என்னைவிட ஆறு மாதம் சின்னவர், முறையில்தான் அண்ணி. அதனால்தான் வாலாஜாபாத் ரேடியோக் கடையில் அத்தனை பேர் முன்னால் உங்களோடு மல்லுக்கு நின்றேன். எனக்குக் கரண்டில் ஓடும் பெரிய ரேடியோவின் மேல் ஆசை. முகப்பில் விளக்கு எரியும், கூடத்தில் வைத்தால் வீட்டுக்கே ஒரு களை.

"நாம கூடத்துலயாடி குந்திகினு கீறோம்? பொழுதுக்கும் கயனில கீறோம். கரண்டு வேற, மழை தூறுனா போயிடுது" என்றீர்கள், நம் கழனியை நினைத்து.

கடைக்காரர் சிவப்பாக, கைக்கடக்கமாக ஒன்றை எடுத்து வைத்தார். எனக்கு அதுவும் பிடித்தது.

"இதுக்கு இன்னா செல்லு போடணும்?"

"தனி பேட்டரிம்மா. மெட்ராஸ்ல கெடைக்கும்."

"அப்ப வேணாம். டார்ச் லைட்டு செல்லு போடறது எதுனா இருந்தா காட்டுங்க."

கறுப்பாக, கனமாக ஒன்று வந்தது. வாரைத் தோளில் மாட்டிப் பார்த்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு குமிழ்களைத் தடவித் திருப்பினீர்கள். பிறகு விறுவிறுவென்று தெருவில் இறங்கி, உறுமிக்கொண்டு நின்ற பஸ்ஸின் பக்கத்தில் போய் ரேடியோவை வைத்தீர்கள். கடைக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"இன்னாம்மா, எங்க எடுத்துகினு போறே?"

"கயனில ஆயில் இஞ்சின் ஓடும். அந்தச் சத்தத்துல கேக்குதான்னு பாக்கறேன்."

பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நான் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஆனால் அந்த இரைச்சலிலும் யாரோ ஒருவர் பயிர்ப்பூச்சி பற்றிப் பேசியது சொல் சொல்லாகக் கேட்டது. "இதான்" என்றீர்கள். தபாலாபீசில் ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் எழுதியவர் புருஷன் பேரைக் கேட்டபோதும், "ரேடியோ என்னுது, எம் பேர எழுதுங்க" என்று அதே குரலில்தான் சொன்னீர்கள்.

இரண்டு வருஷம் கழித்து வந்த அந்த ஐப்பசி மழையை எப்படி மறப்பேன்? இரண்டு நாள் விடாமல் பெய்து கம்பங்கள் சாய்ந்தன. ஊரில் கரண்டு இல்லை. பஞ்சாயத்து ஒலிபெருக்கி, பெரிய வீடுகளின் ரேடியோக்கள் எல்லாம் ஊமையாகிவிட்டன. மூன்றாம் நாள் காலை பளிச்சென்று வெயில் அடித்தது. நாம் பிடுங்கிக் குவித்திருந்த வேர்க்கடலை ஓடைக்கு அந்தப் பக்கம் நனைந்து கிடந்தது. இன்னும் ஒரு நாள் விட்டால் முளைத்துவிடும். அண்ணனும் பக்கத்து வீட்டு ஏகாம்பரமும் அவரவர் வண்டியைப் பூட்டினார்கள்.

உங்கள் ரேடியோ செல் தீர்ந்து முனகிக்கொண்டிருந்தது. டார்ச் லைட்டைப் பிரித்து அதன் செல்களை எடுத்துப் போட்டீர்கள். செய்தி தெளிவாக வந்தது. புயல் இன்னும் கரையைக் கடக்கவில்லை, பிற்பகலில் கடக்கும், நீர்நிலைகளைத் தாண்டிப் போகாதீர்கள் என்றது. நீங்கள் ரேடியோவோடு ஓடிப்போய் மாடுகளுக்கு முன்னால் நின்றீர்கள்.

"வெயிலு அடிக்கிறது கண்ணுக்குத் தெரியலியா? வழிய வுடு" என்றார் அண்ணன்.

"வெயில நம்பாத. இத்த கேளு மொதல்ல."

"மெட்ராஸ்ல குந்திகினு பேசறவனுக்கு நம்ம ஓடை தெரியுமா?" என்று சொல்லிவிட்டு ஏகாம்பரம் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அண்ணன் நுகத்தடியில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு மாட்டை அவிழ்த்தார். அண்ணி, இப்போது சொல்கிறேன். உங்கள் பேச்சு பொய்த்துவிடக் கூடாதே என்று, நம் கடலை போனாலும் போகட்டும், மழை வரட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

உச்சிப்பொழுதிலேயே வானம் கறுத்தது. ஓடை கரைபுரண்டது. ஏகாம்பரத்தின் வண்டியும் இரண்டு மாடுகளும் வெள்ளத்தோடு போயின. வேலமரத்தைப் பிடித்துத் தொங்கிய மனிதரைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். நம் வேர்க்கடலையும் முழுசாகப் போயிற்று. அண்ணன் அன்றெல்லாம் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் காலை மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, "இன்னா சொல்லுது ஒன் ரேடியோ?" என்றார். அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து ஏகாம்பரம் வாசலில் வந்து நின்றார். "எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு பாத்துத் தரணும்மா" என்றார். 'அன்னிக்கே சொன்னாங்களே' என்று கேட்க நான் வாயெடுத்தேன். நீங்கள் முழங்கையால் என்னை ஓர் இடி இடித்தீர்கள். "நாளைக்கே போலாம்ணா" என்றீர்கள் அவரிடம்.

அவர் போனதும், ஏன் என்னைப் பேசவிடவில்லை என்று கோபித்துக்கொண்டேன்.

"அவரு மாட்ட பறிகொடுத்துட்டு நிக்கறாரு. நாம ஜெயிச்சதையும் அவரு தலையில ஏத்தணுமா?"

என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். நான் சொன்னது பலித்துவிட்டால் நாலு தெரு சுற்றிச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். போன வாரம் என் பெரியவன், நான் வேண்டாமென்ற இடத்தில் கிணறு தோண்டி, பாறை தட்டி, மண் ஒட்டிய காலோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். தலை நிமிரவில்லை. சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அண்ணி. தட்டை எடுத்து வைத்து, "சோறு ஆறுது, கை கழுவிகினு வா" என்றேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.