பெண் பார்க்க வந்த அன்று திரிந்த பால்

என் தலைக்கு மேல் இருந்த ஒரே அரசாங்கமான அருமை அக்காவுக்கு,

உன் தம்பி, துரை பங்களாக் குசினியில் சமைக்கிற இரண்டாம் ஆள், தலவாக்கலை தொடங்கி ஹட்டன் வரை எரிகிற அத்தனை அடுப்புகளுக்கும் முடிசூடாச் சக்கரவர்த்தி, வணங்கி எழுதிக்கொள்வது. சிரிக்காதே. நீ போன இந்த மூன்று வருஷத்தில் என் பட்டங்கள் கூடிவிட்டன. பக்கத்தில் உட்கார்ந்து குறைத்துச் சொல்ல நீ இல்லை, அவை பாட்டுக்கு வளர்கின்றன.

இங்கே நடப்பது எதுவும் உனக்குத் தெரியாது. அதுவும் ஒரு கொடுப்பினைதான். இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்கள் ஒரு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து தோட்டத்துச் சனங்களான நம்மைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கேயே, மிச்சம் இருப்பவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. யார் எந்தப் பங்கு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் மலையில் பேச்சைக் குறைத்துவிட்டார்கள். தேயிலை நிரையில் பாட்டுச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று.

நம் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராக்காரர்கள் முதலில் ஆட்டை விற்றார்கள், பிறகு கோழிகளை விற்றார்கள். ஒரு நாள் விடிந்து பார்த்தால் கதவில் பலகை அடித்திருந்தது. அவர்களுடைய நாய் இன்னும் அந்தக் கதவுக்கு முன்னால்தான் படுத்திருக்கிறது. நான் சோறு கொண்டுபோய் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. என் கைப்பக்குவத்தை வேண்டாம் என்று சொன்ன ஒரே ஜீவன் இந்தத் தீவில் அதுதான்.

இப்போது செய்திக்கு வருகிறேன். உன் மகள் பாக்கியத்தைப் பெண் பார்க்க வந்தார்கள்.

நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். பையனைக் குறை சொல்ல முடியாது; நான் முயன்று பார்த்தேன், அகப்படவில்லை. ஆனால் அவர்கள் இந்தியாவுக்குப் போவதென்று எழுதிக் கொடுத்துவிட்ட குடும்பம். தாலி கட்டினால் பாக்கியமும் கப்பலேற வேண்டும். மச்சானிடம் கேட்டேன். உன் வீட்டுக்காரர் முன்புபோல் சத்தம் போடுகிற மனிதர் இல்லை இப்போது.

“எங்கிட்டாவது ஒரு எடத்துல அவ பேரு நெலையா நிக்கட்டும்டா. இங்கயே வச்சிருந்தா நாளைக்கு என்னா ஆகும்னு ஒனக்குத் தெரியுமா?” என்றார்.

எனக்குத் தெரியாது. ஆனால் நீ படுக்கையில் கிடந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது தெரியும். “புள்ளைய தூரத்துல குடுத்துராதடா. கூப்புட்டா வந்து நிக்கிற தூரத்துல வை.” அன்றைக்கு நமக்குத் தூரம் என்றால் மஸ்கெலியா. கடலை நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. சரி என்று தலையாட்டியவன் நான். எப்படி மறக்க?

எனவே சக்கரவர்த்தி ஒரு சதி செய்தேன்.

பங்களாவில் இதற்கு முன் இருந்த துரை வடக்கே இந்தியாவில் பட்டாளத்தில் இருந்தவர் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அங்கே தின்ற பனீர் என்ற ஒரு பண்டத்துக்காக அந்த மனுஷன் குழந்தைபோல அழுவார். பாலைத் திரியவைத்து, கட்டியாக்கி, வயிற்றைக் கீறி மசாலாவை அடைத்து, தணலில் சுட வேண்டும். தலைமைச் சமையல்காரரான பெரிய அப்பு அதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று கண்ணாலேயே களவாடியது இந்தக் கை. முதல் தடவை நான் சுட்டபோது அந்த மணத்துக்குத் தலவாக்கலை ஸ்டேஷனில் நின்ற ரயில் நகர மாட்டேன் என்றது. கார்டு கொடியை ஆட்டி ஆட்டித் தோள்பட்டை சுளுக்கிக்கொண்டார்.

நம் சனங்களில் நல்ல காரியத்தன்று பால் பொங்க வேண்டும். திரியக் கூடாது. தானாகத் திரிந்தாலே பேச்சை நாலு நாள் தள்ளிப்போடுகிறவர்கள். வேண்டுமென்றே திரியவைத்து, அதையே தட்டில் அழகாக அடுக்கி, சம்பந்தி வாயில் கொண்டுபோய் வைத்தால்? எழுந்து போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. பழி பாலோடு போய்விடும். மச்சானிடம், துரைமார் வீட்டு விருந்து வைக்கப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அன்று காலையில் பனிமூட்டம் லயத்து வாசல்படி வரைக்கும் வந்து நின்றது. கறந்த பாலை அடுப்பில் ஏற்றினேன். அது பொங்கி மேலே வருகிற நேரம் சட்டியை இறக்கி வைத்துவிட்டு எலுமிச்சம்பழத்தை நறுக்கினேன். பக்கத்துக் காம்பரா மூக்காயி அத்தை உலக்கையும் கையுமாக வாசலில் நின்றது.

“அடேய், என்னாடா பண்ணப் போற?”

“பாலத் திரிய வக்கிறேன் அத்தே. ராசாக்கமாரு சாப்புடுற பலகாரம்.”

“நல்ல நாளும் அதுவுமா, தாயில்லாத புள்ள வீட்டுல பாலக் கெடுக்குறியே. ஒன் கையில புத்து மொளைக்க.”

“மொளைக்கட்டும். அதுலயும் கொஞ்சம் மசாலா அடைச்சுச் சுட்டுத் தாறேன்.”

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. கை மட்டும் சட்டிக்கு மேலேயே நின்றுவிட்டது, அக்கா. அத்தை திட்டியதற்காக இல்லை. வெளியே அந்த நாய் அதுவரை குரைக்காத ஒரு குரலில் ஊளையிட்டது. அடுப்புப் புகை கூரைக்குப் போகாமல் தரையோடு தரையாகப் படர்ந்தது. சகுனமெல்லாம் எதிரிக்கு நான் வைக்கிற பொறி என்று நினைத்திருந்தவன், எனக்கே யாரோ வைத்ததுபோல நின்றேன்.

அம்மியடியில் இருந்த பாக்கியம் எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பழத்தை வாங்கினாள்.

“தள்ளுங்க மாமா. இம்புட்டுப் பயந்தவரா நீங்க,” என்று சொல்லி அவளே பிழிந்துவிட்டாள்.

சத்தமே இல்லாமல் பிரிந்தது. வெள்ளைக் கட்டிகள் ஒரு பக்கம், பச்சை ஓடிய தண்ணீர் ஒரு பக்கம். எத்தனை தரம் பார்த்த காட்சி. அன்று பார்க்கப் பிடிக்கவில்லை.

பிறகு வேலை என்னை இழுத்துக்கொண்டது. மல் துணியில் கட்டிப் பிழிந்து, அம்மிக் குழவியைத் தூக்கி அதன் மேல் வைத்தேன். இறுகியதும் இரண்டு விரல் தடிமனுக்கு நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்தில் பை போலக் கீறல். புதினா, கொத்தமல்லித் தழை, பச்சை மிளகாய், இஞ்சி, வறுத்த சீரகம், உப்பு எல்லாவற்றையும் பாக்கியம் மையாக இல்லாமல், கொரகொரவென்றும் இல்லாமல் அரைத்துக் கொடுத்தாள். அதை உள்ளே அடைத்து, தயிரும் கடலை மாவும் மிளகாய்த்தூளும் குழைத்து வெளியே பூசி, மூங்கில் குச்சியில் கோத்தேன். கவ்வாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, மிலாறு இருக்கிறதே, அதன் தணலுக்கு ஈடு வேறு கிடையாது. எண்ணெய் தொட்டுத் திருப்பத் திருப்ப விளிம்பு கறுத்து, உள்ளே இருக்கிற பச்சை கொஞ்சமாக எட்டிப்பார்த்தது. சிவனொளிபாதமலை அந்தப் பக்கம் எழுந்து நின்று மோப்பம் பிடித்தது என்று சொன்னால் நம்பமாட்டாய், விடு.

அவர்கள் மத்தியானத்துக்குப் பிறகு வந்தார்கள். பையன், அவனுடைய அம்மா, சித்தப்பா முறைக்காரர் இரண்டு பேர். அந்த அம்மா மெலிந்த உருவம். பஸ்ஸை விட்டு இறங்கி ஏறி வந்த களைப்புகூடக் காட்டவில்லை. தட்டை நானே கொண்டுபோய் நடுவில் வைத்தேன். அந்த அம்மா ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு என்னைப் பார்த்தது.

“என்னாங்க இது, மீனுங்களா? முள்ளு இல்லியே.”

“பாலுங்க,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை மூக்காயி அத்தை பார்த்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

“திரிஞ்ச பாலு. நான் வேணாம் வேணாம்னுதான் சொன்னேன், இந்தக் கட்டையில போறவன் கேக்கல,” என்றது அத்தை கதவோரத்திலிருந்து.

சித்தப்பாமாரில் ஒருவர் கையில் இருந்ததைத் தட்டிலேயே வைத்துவிட்டு விரலைத் துடைத்தார். மற்றவர் மேல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மச்சான் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் சாம்பலாகியிருக்க வேண்டும். பையன் தரையைப் பார்த்தான். என் மனசுக்குள்ளே மேளம் கொட்டியது அக்கா. ஜெயித்துவிட்டோம் என்று உனக்குத்தான் முதலில் சொன்னேன்.

அந்த அம்மா மட்டும் மெல்வதை நிறுத்தவில்லை.

“போன பொங்கலுக்கு எங்க வாசல்ல பாலு நல்லாத்தான் பொங்குச்சுங்க. கெழக்காலயே வழிஞ்சிச்சு. லயமே பாத்து கொலவை போட்டுச்சு. அந்தக் கெழமையே வேலயில்லன்னு பத்துச்சீட்டக் கையில குடுத்து அனுப்புனாங்க. பொங்குன பாலு என்னாத்தக் குடுத்துச்சு, திரிஞ்ச பாலு வந்து கெடுக்க?” என்றது. மைத்துனர்கள் பக்கம் திரும்பி, “சாப்புடுங்க. பசியோட வந்திருக்கீங்க,” என்று சொன்னது.

அவர்கள் சாப்பிட்டார்கள்.

பிறகு அந்த அம்மா இன்னொன்றை எடுத்து, சூடு போக ஊதி, இரண்டாக விண்டது. “நீ தின்னியா தாயி? வா, கிட்ட ஒக்காரு. மொகத்துல எல்லாம் கரி.” சொல்லிக்கொண்டே பாக்கியத்தின் வாயில் ஊட்டியது. முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்தது. உன் மகள் வாங்கிக்கொண்டாள். மூன்று வருஷமாக அவளுக்குச் சமைத்துப்போடுகிற சக்கரவர்த்தி, ஒரு நாளாவது ஊட்டிவிட நினைத்தேனா?

“அக்கரையில எந்த ஊருங்க?” என்று மச்சான் கேட்டார்.

“தெரியலீங்க. எறக்கி விடுற எடந்தான் ஊரு.”

அவர்கள் போன பிறகு பாக்கியம் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் சொல், மச்சானை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

“நீங்க எதுக்குப் பாலத் திரிய வச்சீங்கன்னு எனக்குத் தெரியும் மாமா.”

நான் சாம்பலை அள்ளிச் சட்டியைத் தேய்க்கத் தொடங்கினேன்.

“நானும் ஒன்னு நெனச்சுக்கிட்டுத்தான் புழிஞ்சேன். இத அந்தம்மா ஒதுக்கி வச்சா, அந்த வீடு நமக்கு வேணாம்னு. ஒதுக்கல.”

“பயமா இல்லியா?”

“பயமாத்தான் இருக்கு. இங்க இருந்தா இல்லியா?”

கழுவிய சட்டியை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன், அக்கா. உனக்குப் பதில் வருகிறதா? நீ இருந்திருந்தால் அவளை நிறுத்தியிருப்பாயா, அனுப்பியிருப்பாயா? கூப்பிட்டால் வந்து நிற்கிற தூரம் என்று ஒன்று இனி நமக்கு எங்கே இருக்கிறது?

தையில் கல்யாணம். அதற்குப் பிறகு எப்போது கப்பலுக்குக் கூப்பிடுவார்கள், எந்தக் கரையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. நல்ல சேதி சொல்ல வருகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். இப்போதைய துரை என்னை இங்கேயே இருக்கச் சொல்கிறார், சிபாரிசு செய்வாராம். இந்த மலையைவிட்டு இறங்கினால் மலை தடுமாறி விழுந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். நேற்று மச்சானிடம் போய், பாக்கியம் போகிற பக்கம் என் பெயரையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மலை அப்படியேதான் நிற்கிறது.

உன்னைப் புதைத்த மேட்டைப் பார்த்துக்கொள்ள மச்சான் இருக்கிறார். அவரையும் எந்தப் பங்கில் போடுவார்களோ. அவரும் போய்விட்டால் புல் ஏறும், இரண்டு மழைக்குள் தேயிலை வந்து மூடிக்கொள்ளும். அதைத் தடுக்க என்னால் ஆகாது. உன்னிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்ப மனசு வரவில்லை.

என்னால் ஆனது ஒன்றுதான். உன் மகளை எந்த வெயிலில், எந்தப் பொட்டலில் இறக்கிவிட்டாலும், அவளுக்கு முன்னால் இறங்கி மூன்று கல்லைத் தேடி அடுப்புக் கூட்டுகிறவன் நானாக இருப்பேன். இது சத்தியம். இதில் ஒரு சொல்லும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

உன் கூடப் பிறந்த கடைக்குட்டி,
பாக்கியத்தின் தாய்மாமன்,
ராசு