புகை டெஸ்டும் ஆறு எண்களும்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வேகத்துக்காக எஞ்சினைப் பிரித்துப் பெரிய கார்புரேட்டரும் சத்தம் போடும் சைலன்சரும் மாட்டியதிலிருந்து நம் பழைய பைக் புகை டெஸ்டில் இரண்டு முறை தோற்றுவிட்டது. அந்தச் சத்தத்துக்குப் பாப்பா அலறுகிறாள் என்று நீ சொன்னபோதெல்லாம் உன்னிடம் கத்தினேன். போன வாரம் நானே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பழைய கார்புரேட்டரையும் சைலன்சரையும் மாட்டினேன். இப்போது வண்டி சத்தமே போடுவதில்லை. வீடும்தான்.

நேற்று முத்தியால்பேட்டையில் டெஸ்ட் பாஸ்.

"சர்டிபிகேட் போடணும், ஓடிபி வந்திருக்கும், சொல்லுண்ணா" என்றான் அங்கிருந்தவன். என் போனில் ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. நான் அடிக்கடி நம்பரை மாற்றுகிறேன் என்று, வண்டிக்கு உன் நம்பரைத்தான் கொடுத்திருந்தாய். நீ போனபின் நான் அதை மாற்றவே இல்லை; என் நம்பரையும்தான்.

உன்னைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லி வண்டியைத் திருப்பினேன். அதற்குள் உன் மெசேஜ் வந்தது. ஆறு எண்கள். வேறு ஓர் எழுத்துகூட இல்லை. பதினான்கு மாதத்தில் நீ எனக்கு எழுதியது அவ்வளவுதான்.

சர்டிபிகேட் ஆறு மாதம் செல்லும். அதன்பிறகு மறுபடி போய் நிற்பேன். நீ நம்பரை மட்டும் மாற்றிவிடாதே.

இப்படிக்கு,
இன்னும் உன் நம்பரில் இருப்பவன்